தேடலில் கிடைக்கும் இணைய முகவரி: முதல் பதிவுக்கு முன்பே செய்துவைக்க வேண்டிய வேலை

மருதமுனைக் கைத்தறிச் சாரி பற்றி நல்ல கட்டுரை ஒன்றை எழுதி உங்கள் தளத்தில் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் முகவரி இரண்டு விதமாக அமையலாம்.

உதாரணம்.இலங்கை/?பி=417

உதாரணம்.இலங்கை/மருதமுனை-கைத்தறி-சாரி

இரண்டும் ஒரே பக்கத்தைத்தான் திறக்கும். கட்டுரையில் ஓர் எழுத்துக்கூட மாறாது. ஆனால் முதலாவதை யாராவது வட்ஸ்அப் குழுவில் அனுப்பினால், அது எதைப் பற்றியது என்று திறந்து பார்க்காமல் சொல்ல முடியாது. தெரியாத லிங்கை அமுக்க ஆட்கள் இப்போது பயப்படுகிறார்கள், பயப்படுவதும் நியாயம். இரண்டாவதைப் பார்த்தவுடனே விஷயம் விளங்கிவிடும். சாரி வாங்க நினைப்பவர் திறப்பார், மற்றவர் விட்டுவிடுவார். தேடல் இயந்திரத்துக்கும் அதே வாசிப்புத்தான்: முகவரியில் சொற்கள் இருந்தால் அவற்றையும் ஒரு தடயமாக எடுத்துக்கொள்ளும், வெறும் எண் இருந்தால் எடுத்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழில் எழுதும் தளங்கள் கூடிக்கொண்டே வருகின்றன. கோயில் திருவிழா, கூத்து, வினாத்தாள், தங்குமிடம், சமையல் என்று எல்லாம் இருக்கிறது. எழுத்தில் குறை சொல்ல முடியாத தளங்கள்கூட முகவரியை மென்பொருள் தந்தபடியே விட்டுவிடுகின்றன. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அதனால் பெரிய நட்டம் வராது. தமிழில் எழுதுகிறவருக்கு வரும். அந்த நட்டம் எங்கே வருகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் கூடுதலாகப் பார்க்கப்போகிறோம்.

முகவரியின் பாகங்கள்

ஒரு முகவரியின் முன்பக்கத்தில் எச்டிடிபிஎஸ் என்ற நெறிமுறை இருக்கும். உங்களுக்கும் தளத்துக்கும் இடையில் போகும் தகவல் பூட்டப்பட்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அதற்கு அடுத்தது டொமைன், அதாவது தளத்தின் பெயர். முதல் சாய்கோட்டுக்குப் பிறகு வருவது பாதை. கேள்விக்குறி வந்தால் அதற்குப் பின்னால் இருப்பது தளத்துக்கு அனுப்பப்படும் கூடுதல் தகவல். இந்தக் கட்டுரையில் நாம் கைவைக்கப்போவது பாதையில் மட்டும்.

டொமைனைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். டொமைன் பெயர்கள் நீண்டகாலம் ஆங்கில எழுத்தில் மட்டுமே இருந்தன. 2007இல் பல மொழி எழுத்துகளில் டொமைன் வேலை செய்யுமா என்று சோதித்தார்கள். அதில் தமிழும் இருந்தது, சோதனை முகவரி ‘உதாரணம்.பரிட்சை’. பிறகு 2010இல் .இலங்கை என்ற தமிழ் ஈறு நமக்குக் கிடைத்தது. ஆகவே முழுக்கத் தமிழிலேயே ஒரு முகவரி வைத்திருப்பது இன்றைக்கு நடக்கக்கூடிய காரியம். எனக்கு அதில் பெருமைதான்.

தேடலில் இதற்கு எவ்வளவு பங்கு?

இதில் ஏமாற்றக்கூடாது. முகவரியில் சொல்லை வைத்தால் கூகுளில் முதலிடம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, தலைப்பு என்ன, வேறு தளங்கள் அதற்கு லிங்க் கொடுத்திருக்கின்றனவா என்பவைதான் பெரியவை. முகவரியில் உள்ள சொல்லின் நேரடிப் பங்கு மிகவும் சிறியது என்று கூகுளின் ஆட்களே பல தடவை சொல்லியிருக்கிறார்கள். அதுமட்டுமில்லை, 2025 ஜனவரி முதல் கைபேசித் தேடலில் கூகுள் டொமைன் பெயரை மட்டும்தான் காட்டுகிறது. அதற்குப் பின்னால் வரும் பாதையைக் காட்டுவதை நிறுத்திவிட்டது.

அப்படியென்றால் ஏன் மெனக்கெட வேண்டும்? பலன் சுற்றி வருகிறது. உங்கள் முகவரியை ஒருவர் கொப்பி செய்து வேறொரு தளத்தில் அப்படியே ஒட்டுகிறார். அங்கே அந்த முகவரியே லிங்கின் எழுத்தாக நிற்கும். லிங்கில் உள்ள எழுத்தைத் தேடல் இயந்திரம் கவனமாக வாசிக்கும். ‘மருதமுனை-கைத்தறி-சாரி’ என்று இருந்தால் உங்கள் பக்கம் எதைப் பற்றியது என்று அந்தத் தளம் சாட்சி சொன்ன மாதிரி. ‘?பி=417’ என்று இருந்தால் அந்தச் சாட்சி வாய் திறக்காது. இன்னொன்று, ஒழுங்கான முகவரியை நீங்கள் பிறகு மாற்ற வேண்டிவராது. மாறாத முகவரிக்கு வருடக்கணக்கில் லிங்குகள் சேர்ந்துகொண்டே போகும். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவதுதான் பெரிய பலன்.

வேர்ட்பிரஸில் அமைப்பது

வேர்ட்பிரஸ் என்பது தளம் நடத்தும் மென்பொருள். அதைச் சொந்த ஹொஸ்டிங்கில், அதாவது தளத்துக்கென்று வாடகைக்கு எடுத்த சேர்வர் இடத்தில், வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். நிர்வாகப் பக்கத்தில் ‘செட்டிங்ஸ்’ போய் அதற்குள் ‘பேர்மாலிங்க்ஸ்’ என்பதைத் திறவுங்கள். சில தெரிவுகள் வரிசையாக இருக்கும். ‘பிளெய்ன்’ என்பதுதான் மேலே பார்த்த எண் வகை. திகதியும் பெயரும் சேர்ந்த வகை, மாதமும் பெயரும் சேர்ந்த வகை, கேள்விக்குறி இல்லாத எண் வகை, ‘போஸ்ட் நேம்’ எனப்படும் பதிவுப் பெயர் மட்டும் வரும் வகை, நீங்களே கட்டிக்கொள்ளும் வகை என்று மற்றவை இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு ‘போஸ்ட் நேம்’ போதும். அதைத் தெரிவுசெய்து கீழே உள்ள பொத்தானை அமுக்கிச் சேமித்தால் முடிந்தது.

சேமித்த பிறகு முதல் பக்கம் திறந்து, உள்ளே இருக்கும் பதிவுகள் எல்லாம் 404, அதாவது ‘பக்கம் இல்லை’ என்று வந்தால் பதறாதீர்கள். பதிவுகள் அழியவில்லை. புதிய முகவரியை எப்படி வாசிப்பது என்ற விதி இன்னும் சேர்வரில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். அதே பக்கத்துக்குப் போய் எதையும் மாற்றாமல் இன்னொரு தடவை சேமித்துப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும். அதற்கும் சரிவராவிட்டால் ஹொஸ்டிங் நிறுவனத்திடம் ‘முகவரி மாற்றி எழுதும் வசதி திறந்திருக்கிறதா’ என்று கேளுங்கள்.

அந்தத் தெரிவுகளில், பதிவுகளைத் தலைப்புவாரியாகப் பிரித்துவைக்கும் வகையின் பெயரையும் முகவரியில் சேர்க்கும் வசதி இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கும்: சுற்றுலா/அறுகம்பை-தங்குமிடம். நான் வேண்டாம் என்பேன். தொடக்கத்தில் ‘சுற்றுலா’ என்று ஒரு வகை போதும் என்று தோன்றும். பதிவுகள் கூடும்போது ‘பொத்துவில்’, ‘பாசிக்குடா’, ‘அலைச்சறுக்கு’ என்று பிரிக்கத் தோன்றும். ஒரு பதிவை வகை மாற்றியவுடன் அதன் முகவரியும் மாறிவிடும், பழைய லிங்குகள் தடுமாறும். வகை என்பது உங்கள் வீட்டு ஒழுங்குக்காக வைப்பது. அதை முகவரிக்குள் கொண்டுபோனால் பிறகு வீட்டை ஒழுங்குபடுத்தவே பயமாக இருக்கும்.

தமிழ்த் தலைப்பு முகவரியாகும்போது

இனித்தான் தமிழில் எழுதுகிறவர்களுக்கான பகுதி. கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்.

பாதையில் ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளும் மட்டுமே நேராகப் போகும். தமிழ் எழுத்து போக வேண்டுமென்றால் அதைக் குறியீடாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி, அதாவது கணினி தனியாக எண்ணும் ஓர் அலகு, மூன்று பைட் எடுக்கும். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் ஒரு % குறியாகவும் அதற்குப் பின்னால் இரண்டு எழுத்தாகவும் மாறும். ஆக ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது இடம் வேண்டும்.

‘மட்டக்களப்பு’ என்று எழுதிப் பாருங்கள். நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. கணினி புள்ளியையும் உகரக் குறியையும் தனித்தனியாக எண்ணும், அதன்படி பன்னிரண்டு குறி. ஒன்றுக்கு ஒன்பது இடம் என்றால் 108 இடம். ஊர்ப் பெயர் ஒன்றுக்கே 108.

உலாவியின் முகவரிப் பட்டையில் இது தெரியாது. அங்கே அழகான தமிழாகத்தான் தெரியும். கொப்பி செய்து வட்ஸ்அப்பில் ஒட்டும்போதுதான் பெரும்பாலும் உண்மை உருவம் வெளியே வரும். % குறியும் எண்ணும் எழுத்தும் கலந்து மூன்று நான்கு வரிக்கு நீளும். பார்ப்பவர் வைரஸ் லிங்க் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்த சிக்கல் பலருக்குத் தெரியாது. வேர்ட்பிரஸ் பதிவின் பெயருக்கு 200 இடம்தான் ஒதுக்கியிருக்கிறது. ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழுக்கு 22 குறிதான் தேறும். ‘கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் ஆலயத் தேரோட்டம்’ என்று தலைப்பிட்டு ஒரு பதிவு போடுங்கள். கொக்கட்டிச்சோலைக்கு 135 இடம் போய்விடும். இடைவெளிக்கு ஒன்று. மிச்சம் இருக்கும் 64 இடத்தில் ஏழு குறிதான் அடங்கும். ஆகவே முகவரி இப்படி வரும்:

கொக்கட்டிச்சோலை-தான்தோன

சொல் நடுவில் அறுந்து, புள்ளிகூட இல்லாமல் நிற்கிறது. தேர் முகவரியில் வரவே இல்லை. பிறகு அதே ஆலயத்தின் கொடியேற்றம் பற்றி எழுதினாலும், வரலாறு பற்றி எழுதினாலும், தலைப்பு அதே இரண்டு சொல்லில் தொடங்கினால் முகவரியும் அதே இடத்தில் அறுபடும். ஒரே முகவரி இரண்டு பதிவுக்கு இருக்க முடியாது என்பதால் வேர்ட்பிரஸ் அடுத்ததற்கு 2 என்றும் அதற்கடுத்ததற்கு 3 என்றும் பின்னால் எண் போட்டுவிடும். எந்த எண் தேரோட்டம், எந்த எண் வரலாறு என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான புளொக்கரில் கதை வேறு. அங்கே முகவரியில் வருடமும் மாதமும் கட்டாயம் வரும், அதை நீக்க முடியாது. தலைப்பு முழுவதும் தமிழில் இருந்தால் அது தமிழை முழுதாக ஒதுக்கிவிட்டு ‘புளொக்-போஸ்ட்’ என்று ஒரு பொதுப்பெயரை வைத்து, பின்னால் ஓர் எண்ணை ஒட்டும். தலைப்பில் ஓர் ஆங்கிலச் சொல்லோ வருடமோ இருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொள்ளும். தமிழில் எழுதிய எத்தனையோ நல்ல பதிவுகள் இன்றைக்கும் ‘புளொக்-போஸ்ட்’ என்ற ஒரே பெயரோடு கிடக்கின்றன. எண்தான் வேறு வேறு. அவற்றை எழுதியவர்களின் உழைப்பை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

இரண்டு இடத்திலும் தீர்வு ஒன்றுதான்: பெயரை நீங்களே வையுங்கள். வேர்ட்பிரஸில் பதிவு எழுதும் பக்கத்தின் வலப்புறத்தில் ‘ஸ்லக்’ (முகவரியில் வரும் பதிவின் பெயர்) அல்லது ‘லிங்க்’ என்று ஒரு பெட்டி இருக்கும். புளொக்கரில் வலப்புறம் ‘பேர்மாலிங்க்’ என்பதைத் திறந்து ‘கஸ்டம்’ என்பதைத் தெரிவுசெய்தால் பெட்டி வரும். அதில் ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு போன்ற சிலவற்றை மட்டுமே எழுதலாம். வெளியிடுவதற்கு முன்பு இதைச் செய்துவிட வேண்டும். புளொக்கரில் ஒரு தடவை வெளியிட்டால் அந்தப் பெட்டி பூட்டிக்கொள்ளும். பதிவை மறுபடி வரைவுக்குக் கொண்டுபோனால்தான் திறக்கும்.

தமிழ் எழுத்தா, ஆங்கில எழுத்தா?

கூகுளைப் பொறுத்தவரை இரண்டும் சரி. வாசகரின் மொழியிலேயே முகவரி இருப்பது நல்லது என்றுதான் அதன் வழிகாட்டல் சொல்கிறது. தமிழ் முகவரியை அது பிழையில்லாமல் வாசிக்கும்.

ஆனால் நம் பக்கத்தில் லிங்குகள் அதிகம் பயணிப்பது வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும்தான். அங்கே % குறிகளின் ஊர்வலம் ஆட்களைத் துரத்திவிடும். அதனால் என் தெரிவு இது: தலைப்பு நல்ல தமிழில் இருக்கட்டும், உள்ளடக்கம் தமிழில் இருக்கட்டும், முகவரியின் பாதையை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக எழுதுங்கள். இந்தக் கட்டுரையில் உள்ள உதாரணங்களை நான் தமிழில் காட்டினாலும், பெட்டிக்குள் அதே சொற்களை ஆங்கில எழுத்தில் அடிக்கலாம். தமிழ் எழுத்திலேயே வேண்டும் என்று ஒருவர் விரும்பினால் அதை நான் மறுக்க மாட்டேன். இரண்டு சொல், மிஞ்சினால் மூன்று சொல்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மொத்தம் 22 குறிக்குள் அடங்கினால் நடுவில் அறுபடாது.

தமிழ் எழுத்தில் வைப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ‘கொ’ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது. மற்றது, ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியாக அடிப்பது. திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. குறியீட்டில் இரண்டும் வேறு. ‘கொக்கட்டிச்சோலை’யில் ‘கொ’வும் இருக்கிறது ‘சோ’வும் இருக்கிறது, ஒரு முறையில் 15 குறி, மறு முறையில் 17. சில மென்பொருள்கள் இதை ஒன்றாக்கிக்கொள்ளும், சில ஒன்றாக்காது. ஒன்றாக்காத தளத்தில், முகவரியைக் கையால் அடித்து வருபவருக்குப் பக்கம் இல்லை என்று பதில் வரும். ‘ஸ்ரீ’ எழுத்துக்கும் இதே இரட்டைப் பிறவி உண்டு. கோயில் பெயர்களில் அது அடிக்கடி வருவதால் முகவரியில் அதைத் தவிர்த்துவிடுவது நல்லது.

ஆங்கில எழுத்தில் வைப்பவர்களுக்கு வேறொரு தலையிடி: எந்த எழுத்துக்கூட்டல்? காத்தான்குடி, காரைதீவு, களுவாஞ்சிகுடி ஆகிய ஒவ்வொன்றையும் ஆட்கள் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். பெயர்ப்பலகையிலும் அரச ஆவணத்திலும் வரைபடத்திலும் உள்ள கூட்டலையே எடுத்துக்கொண்டு, தளம் முழுவதும் அதையே பாவியுங்கள். ஒரு பதிவில் ஒரு கூட்டல், அடுத்ததில் வேறு கூட்டல் என்று இருந்தால் பிறகு நீங்களே தேடிப் பிடிக்க முடியாது. மற்றக் கூட்டல்களைக் கட்டுரைக்குள் ஓர் இடத்தில் இயல்பாகச் சொல்லிவிட்டால் தேடுபவருக்கு அது போதும். ‘மட்டு’ என்ற சுருக்கத்துக்கும் இதே வழிதான். செய்தித் தலைப்பில் அது பொருந்தும், முகவரியில் முழுப்பெயர் நிற்கட்டும்.

அறுகம்பை பற்றி எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. அங்கே அலைச்சறுக்க வருபவர்கள் உலகம் முழுவதிலும் இருந்து ஆங்கிலப் பெயரில்தான் தேடுகிறார்கள். தங்குமிடம் நடத்துபவர் தன் பக்கத்துக்கு அந்த ஆங்கிலப் பெயரையே வைத்தால்தான் பிழைப்பு.

எந்தச் சொற்களை வைப்பது?

தலைப்பை அப்படியே வைக்க வேண்டியதில்லை. ஒருவர் இந்தப் பக்கத்தைத் தேடும்போது என்ன அடிப்பார் என்று யோசித்து, அந்தச் சொற்களை மட்டும் எடுங்கள். ‘எருமைத் தயிர் கெட்டியாக உறைய எங்கள் வீட்டில் செய்யும் வழிகள்’ என்பது நல்ல தலைப்பு. முகவரிக்கு ‘எருமை-தயிர்-உறைய’ போதும். ‘ஒரு’, ‘பற்றி’, ‘எங்கள்’, ‘மிகச் சிறந்த’ எல்லாம் வெளியே. சொற்களுக்கு நடுவில் இடைக்கோடு போடுங்கள், அடிக்கோடு வேண்டாம். இடைக்கோட்டைத்தான் கூகுள் சொல் பிரிப்பாக எடுக்கச் சொல்கிறது. ஆங்கில எழுத்தென்றால் எல்லாம் சின்ன எழுத்தில் இருக்கட்டும். டொமைனில் பெரிய எழுத்து சின்ன எழுத்து பேதம் இல்லை, பாதையில் பேதம் உண்டு.

வருடத்தை வைப்பதா வேண்டாமா என்பதில்தான் அதிகம் யோசிக்க வேண்டும். மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தம் ஆடி அமாவாசையில் வருடாவருடம் வரும். வருடத்தைப் போட்டு ஒவ்வொரு தடவையும் புதுப் பக்கம் திறந்தால், சேர்ந்த லிங்குகள் எல்லாம் பழைய வருடத்தின் பக்கத்திலேயே தங்கிவிடும். புதுப் பக்கம் ஒவ்வொரு ஆடியிலும் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும். ‘மாமாங்கம்-தீர்த்தம்’ என்று ஒரே முகவரி வைத்து, திகதியையும் போக்குவரத்து ஒழுங்கையும் மட்டும் வருடாவருடம் மாற்றினால் அந்தப் பக்கம் வலுத்துக்கொண்டே போகும். உகந்தை வழியாகக் கதிர்காமம் போகும் பாதயாத்திரை பற்றிய வழிகாட்டிக்கும் இதுவே பொருந்தும்.

வினாத்தாள் போடும் ஆசிரியருக்கு நேர்மாறு. மாணவன் வருடத்தோடுதான் தேடுவான். ‘சாதாரணதரம்-கணிதம்-2019’ என்று வருடம் இருந்தே ஆக வேண்டும். பழைய நிகழ்வுகளிலும் வருடமே அடையாளம். 1978 சூறாவளியைப் பற்றி எழுதிவிட்டு முகவரியில் வெறும் ‘சூறாவளி’ என்று வைத்தால் யாருக்கும் பிடிபடாது. செய்தித் தளங்களுக்கு மாரிகால வெள்ளம் ஒரு நல்ல சோதனை. கார்த்திகை மார்கழி வந்தால் ‘மட்டக்களப்பு வெள்ளம்’ என்ற தலைப்பில் செய்தி வந்தே தீரும். ஊரையும் வருடத்தையும் சேர்க்காவிட்டால் பின்னால் 2, 3 என்று எண் விழத் தொடங்கும்.

ஏற்கெனவே போட்ட பதிவுகளை என்ன செய்வது?

இதுவரை வாசித்தவுடன் பழைய பதிவுகளின் முகவரிகளை எல்லாம் மாற்றிவிடக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். ஒருவர் உங்கள் பழைய முகவரியைத் தன் தளத்தில் போட்டிருப்பார், இன்னொருவர் போனில் சேமித்திருப்பார், திருவிழா அறிவித்தலில் யாரோ அச்சிட்டும் இருப்பார். முகவரியை மாற்றினால் அவர்கள் எல்லாரும் 404 என்ற சுவரில் போய் முட்டுவார்கள். வலையை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ்-லீ 1998லேயே, முகவரிகளை மாற்றாமல் வைத்திருப்பது தளத்தை நடத்துபவரின் கடமை என்று எழுதினார். அதில் இன்றைக்கும் திருத்த ஒன்றும் இல்லை.

எண் முகவரியோடு இருக்கும் பதிவுக்கு ஓரளவு ஆட்கள் வருகிறார்கள் என்றால் அப்படியே விட்டுவிடலாம். புதிய பதிவுகளுக்கு மட்டும் புதிய பழக்கம் போதும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் 301 என்ற வழிமாற்றத்தைப் போட்டுவிட்டு மாற்றுங்கள். வீடு மாறும்போது தபால் கந்தோரில் புது விலாசத்தைக் கொடுத்துவிட்டுப் போவது போன்ற வேலை அது: பழைய முகவரிக்கு வருபவரைச் சேர்வரே புதிய முகவரிக்கு அனுப்பிவிடும், தேடல் இயந்திரத்துக்கும் ‘நிரந்தரமாக மாறிவிட்டது’ என்று சொல்லிவிடும். 302 என்று ஒன்றும் உண்டு. அது தற்காலிக மாற்றத்துக்கு, இங்கே அது வேண்டாம். குறைந்தது ஒரு வருடமாவது வழிமாற்றத்தை வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. என்னைக் கேட்டால் தளம் இருக்கும் வரை வைத்திருங்கள், அதனால் செலவு ஒன்றும் இல்லை.

வேர்ட்பிரஸில் வெளியிட்ட பதிவு ஒன்றின் ஸ்லக்கை மாற்றினால் பழைய பெயரை அது நினைவில் வைத்துக்கொண்டு தானாகவே வழிமாற்றும். ஆனாலும் பழைய முகவரியை ஒரு தடவை அடித்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். முழு அமைப்பையும் மாற்றும்போது ‘ரீடைரக்‌ஷன்’ போன்ற ஒரு செருகியை (வேர்ட்பிரஸில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு மென்பொருளை) போட்டுக்கொள்வது பாதுகாப்பு. புளொக்கரில் செட்டிங்ஸுக்குள் ‘கஸ்டம் ரீடைரக்ட்ஸ்’ என்ற இடத்தில் பழையதையும் புதியதையும் எழுதி, ‘நிரந்தரம்’ என்பதைத் தெரிவுசெய்தால் போதும். மாற்றிய பிறகு உங்கள் சொந்தப் பதிவுகளுக்குள் இருக்கும் பழைய லிங்குகளையும் திருத்துங்கள். உங்கள் வீட்டுக்குள்ளேயே ஆட்களைச் சுற்றவிடக் கூடாது.

ஒரே பக்கம் பல முகவரிகளில் திறப்பதும் உண்டு. டபிள்யூ மூன்றோடும் இல்லாமலும், கடைசியில் சாய்கோட்டோடும் இல்லாமலும், பேஸ்புக் ஒட்டிவிடும் நீளமான வாலோடும் அதே பக்கம் திறக்கும். இதில் எது அசல் என்று தேடல் இயந்திரத்துக்குச் சொல்ல ‘கனோனிக்கல்’ என்ற குறிப்பு 2009இல் வந்தது. வேர்ட்பிரஸும் புளொக்கரும் அதைப் பதிவுப் பக்கங்களில் தாமாகவே போட்டுவிடும், நீங்கள் கவலைப்பட வேண்டாம். பேஸ்புக்கிலிருந்து முகவரியை எடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது மட்டும் கேள்விக்குறியிலிருந்து வால் முழுவதையும் வெட்டிவிட்டு ஒட்டுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கூகுளின் சேர்ச் கொன்சோலில் தளத்தைப் பதிந்து, தளவரைபடத்தின், அதாவது உங்கள் பக்கங்களின் பட்டியல் உள்ள கோப்பின், முகவரியைக் கொடுத்துவிடுங்கள். சில கிழமைகள் போனதும் என்ன சொற்களைத் தேடி உங்கள் பக்கத்துக்கு வருகிறார்கள் என்று அது காட்டும். அடுத்த பதிவின் முகவரிக்குச் சொல் தேட அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆட்கள் உண்மையில் எப்படி எழுத்துக்கூட்டுகிறார்கள் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்கள் அதற்கு முன்பு ‘செட்டிங்ஸ்’, ‘ரீடிங்’ என்று போய், தேடல் இயந்திரங்களைத் தடுக்கச் சொல்லும் பெட்டியில் சரி அடையாளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். தளம் கட்டும் காலத்தில் அதைப் போட்டுவிட்டு எடுக்க மறப்பது சாதாரணம். அது இருக்கும் வரை எவ்வளவு நல்ல முகவரி வைத்தாலும் தேடலில் உங்கள் பக்கம் வராது.